பெயின்ட் காயாத சிலுவைகள்

மேடம் வீட்டு ஹாலில் டிவிக்கு மேலே ஒரு போட்டோ மாட்டியிருந்தது. ஊட்டி ஏரியில் சாரும் மேடமும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் படகில் உட்கார்ந்து சிரிக்கிற போட்டோ. அந்தக் கண்ணாடியை ஈரத்துணியால் துடைப்பது என் காலை வேலைகளில் ஒன்று. எனக்கு அந்தப் போட்டோவைப் பிடிக்கும். தண்ணீருக்கு மேலே மனிதர்கள் பயமில்லாமல் இருப்பதைப் பார்த்தால் ஆண்டவர் கடல்மேல் நடந்தது ஞாபகம் வரும். மனதுக்குள் ஒரு சிலுவை போட்டுக்கொண்டு துடைப்பேன்.

ஒரு நாள் துடைத்துக்கொண்டிருந்தபோது மேடம் பின்னால் வந்து நின்றார்.

"அடுத்த வருஷம் நீ நம்ம ஊரு போட்டோவைத் துடைக்கப் போற."

"நம்ம ஊர்ல ஏதுங்க மேடம் படகு?"

"வரப் போகுது. உங்க காலனிக்குப் பின்னாடி, கால்வாய்க் கரையில. போட் ஹவுஸ், பார்க்கு, ஐஸ்கிரீம் கடை, எல்லாம். சார்தான் கமிட்டிக்குத் தலைவர். நீங்கள்லாம் கொடுத்து வெச்சவங்கடி. கதவைத் திறந்தா ஊட்டி."

துணி கண்ணாடியின் மேலேயே நின்றுவிட்டது. அந்தக் கரையில்தான் என் மகள் இருந்தாள்.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்க ஊர், சார் அந்தக் கம்பெனியில் பெரிய ஆபீசர். சுரங்கத்தில் நிலக்கரி வெட்டவேண்டுமானால் பூமிக்கு அடியிலிருந்து தண்ணீரை இராப்பகலாக இறைத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் கால்வாயாக ஓடி வந்து, எங்கள் காலனிக்குப் பின்னால் அகலமாகி, ஏரி மாதிரி நிற்கும். சித்திரை வெயிலிலும் வற்றாது. ஆறு இல்லாத ஊரில் எங்களுக்கு அதுதான் ஆறு. பிள்ளைகள் ஆத்தங்கரை என்றுதான் சொல்லும்.

எங்கள் காலனி காண்ட்ராக்ட் ஆட்களின் காலனி. கூரை வீடுகளும் தகர வீடுகளும். கம்மாபுரம் பக்கத்திலிருந்தும், சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்தும், இன்னும் எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தவர்கள். என் வீட்டுக்காரர் தோட்டவேலை, துப்புரவு வேலை செய்கிற கேங்கில் இருந்தார். யாராவது செத்துப்போனால் எங்களுக்கு எங்கே இடம்? பக்கத்து ஊர்ச் சுடுகாட்டில் ஊர்க்காரர்களுக்குள்ளேயே இடத்தகராறு. மாதாகோவில் கல்லறையில் புதைக்க வேண்டுமானால் பங்குப் பதிவேட்டில் பல வருஷமாகப் பெயர் இருக்க வேண்டும். அதனால் காலனி ஆட்கள் கரையில் புதைத்துக்கொண்டோம். இந்துவும் கிறிஸ்தவரும் அங்கே ஒன்றாகத்தான் படுத்திருந்தார்கள்.

என் மகள் மஞ்சள் காமாலையில் போனாள். நாலு வயது முடியவில்லை. சவுக்குக் கட்டையில் அவள் அப்பா ஒரு சின்னச் சிலுவை செய்து நட்டார். தலைமாட்டில் நான் ஒரு நித்தியகல்யாணிச் செடி வைத்தேன். கல்லறைத் திருநாள் வந்தால் மேட்டில் புதுமண் போட்டு, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். மற்ற நாட்களில் வேலைக்குப் போகிறபோதும் வருகிறபோதும் கரை வழியாகவே போவேன். கொஞ்சம் சுற்றுதான். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். "அம்மா வேலைக்குப் போய்ட்டு வர்றேன்" என்பேன். அவ்வளவுதான்.

அந்த இடம்தான் படகுத்துறைக்கு என்றார்கள். கரை அங்கேதான் உயரமாகவும் கெட்டியாகவும் இருந்ததாம். ரோடும் பக்கம். கூட்டுறவுக் கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் கமிட்டித் தலைவரிடம் சொல்லலாம் என்று அதில் போட்டிருந்தது. ஏழாவதோடு நிறுத்திய என் படிப்புக்கு அது புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் மாதாவுக்கு நன்றி சொன்னேன். சொல்லலாம் என்று போட்டிருக்கிறார்களே, சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

கரையில் யார் யாருக்கு ஆள் படுத்திருந்ததோ அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சாயங்காலம் சார் வீட்டுக் கேட்டுக்குப் போனோம். நான் தினமும் பின்வாசல் வழியாகப் போகிற வீடு. அன்றைக்கு முன்வாசலில் நின்றது எனக்கே கூச்சமாக இருந்தது. கேங் மேஸ்திரிதான் முன்னால் நின்று பேசினார். அவர் தம்பியும் அந்தக் கரையில்தான் இருந்தான்.

"கல்லறையா?" என்றார் சார். "ரெக்கார்டுல அப்படி எதுவும் இல்லையேப்பா. அது புறம்போக்கு."

"ரெக்கார்டுல இல்லீங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர். "மண்ணுல இருக்குதுங்க."

சார் கெட்டவர் இல்லை. இன்றைக்கும் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கேட் பக்கம் வந்து சொன்னார்: "சரி. சனிக்கிழமை பத்து மணிக்கு நானே நேர்ல வர்றேன். என் கண்ணால பாத்து, அங்க கல்லறை இருக்குன்னா, துறையை மேற்கே தாழம்புதர்ப் பக்கம் தள்ளிடறோம். மண்ணு கொட்டற செலவு கூடும், பரவாயில்ல. ஆனா இல்லன்னா, அப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சரியா?"

"சரிங்க சார்" என்று எல்லோரும் கும்பிட்டோம். திரும்பி வரும்போது காலனி ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். இருக்கிறதைப் பார்க்கத்தானே வருகிறார்? பார்த்தால் தெரியப்போகிறது.

இங்கே எங்கள் ஆட்களின் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெல்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் எங்கள் கேங்குக்குத்தான் முதலில் தகவல் வரும். ரோட்டோரக் கற்களுக்கு வெள்ளை அடிப்பார்கள். புல்லைச் செதுக்குவார்கள். காய்ந்த இலை ஒன்று இருக்கக் கூடாது. கடைசியில் தண்ணீர் தெளித்து, ஓரத்தில் பிளீச்சிங் பவுடரைக் கோடு மாதிரி போடுவார்கள். வருகிறவர் காரை விட்டு இறங்காமல்கூடப் போவார். ஆனாலும் செய்வார்கள். வருஷக்கணக்காகச் செய்து செய்து, ஆபீசர் வருகிறார் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே அவர்கள் கை துடைப்பத்தைத் தேடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேஸ்திரி கரையைப் போய்ப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு வந்து தலையில் அடித்துக்கொண்டாராம். "என்னாடா இது! முள்ளு மொளச்சிக் கெடக்குது, பாலித்தீன் கவரு பறந்துகினு கெடக்குது, பன்னி பொரண்டு வெச்சிருக்குது. பெரிய ஆபீசரு வர்றாரு, இதையா காட்டுறது? குப்பமேடுன்னு எழுதிக்கினு பூடுவாரு. அவரு வந்தா செருப்பக் கயட்டிட்டு கும்புடணும்டா. அப்டி இருக்கணும்."

எல்லோருக்கும் அது சரி என்றுதான் பட்டது. நான் அங்கே இருந்திருந்தால் எனக்கும் சரி என்றுதான் பட்டிருக்கும்.

அன்றைக்கு மேடம் வீட்டில் விருந்தாளி. பாத்திரம் கழுவி முடித்து நான் கரை வழியாக வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முதலில் வேறு எங்கேயோ வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். முள்ளும் இல்லை, கவரும் இல்லை. மண்ணைச் செதுக்கிப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். துடைப்பம் போன கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன. சுற்றிலும் பிளீச்சிங் பவுடர் கோடு, நூல் பிடித்தது மாதிரி. கோவில் வளாகம்கூடத் திருவிழாவுக்கு அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. ஏழைகள் செத்த இடம் இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அங்கே நின்றிருந்த வீட்டுக்காரரிடம் கேட்டேன். "பாப்பா சிலுவை எங்கங்க?"

"எல்லாம் உளுத்துப் போயி இருந்துச்சி" என்றார் வீட்டுக்காரர். முகமெல்லாம் வியர்வையும் பெருமையும். "மேஸ்திரி எல்லாத்துக்கும் புதுசா சவுக்குல அடிச்சாரு. வெள்ள பெயின்ட்டு. கம்பெனி பெயின்ட்டு இல்ல, சொந்தக் காசுல வாங்கனது. வூட்டாண்ட சாத்தி வெச்சிருக்குது. காலைல வந்து நட்டுட்டா முடிஞ்சிது."

"மேடு?"

"மேட்டச் செதுக்கிட்டாங்க. பாதி மேடு, பாதி பள்ளமா அசிங்கமா இருந்துச்சி. சிலுவைய நட்டா எது யாரோடதுன்னு தெரியப்போவுது."

"தலமாட்டுச் செடி?"

அவர் முள் குவித்திருந்த பக்கம் பார்த்தார். செடியும் முள்ளோடு முள்ளாகப் போயிருந்தது. நாளைக்கு வேறு வைத்துக்கொள்ளலாம் என்று நானே சொன்னேன். குனிந்து, அவள் இருக்கிற இடம் என்று நான் நினைத்த இடத்தில் மண்ணைத் தொட்டு முத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மண்ணில் பிளீச்சிங் வாசனை அடித்தது.

சனிக்கிழமை காலையில் நான் வழக்கம்போல மேடம் வீட்டுக்குப் போனேன். பத்து மணிக்குள் வேலையை முடித்துக்கொண்டு ஓடிவிடலாம் என்பது என் கணக்கு. பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது மேடம் உள்ளே வந்தார்.

"டீயை பிளாஸ்க்ல ஊத்து. கப்பு நாலு எடுத்துக்கோ. பத்து மணிக்கு சாருக்கு மீட்டிங் வந்துடுச்சு. இப்பவே போய்ப் பாத்துட்டு வந்துடலாம்ங்கறார். நீயும் ஜீப்புல ஏறிக்கோ, டீ ஊத்த ஆள் வேணும்."

அடுப்பை அணைத்தேன். "மேடம், பத்து மணின்னுதானேங்க சொன்னாங்க?"

"ஏன், உங்க கல்லறைங்க பத்து மணிக்குத்தான் எழுந்திருக்குமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஓடிப்போய் காலனியில் சொல்லலாம் என்றால் ஜீப்பை விட வேகமாக நான் எப்படிப் போவேன்? பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, மாதாவுக்குச் சொல்லும் அருள்நிறை மந்திரத்தைச் சொல்லிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தேன். எத்தனை முறை சொன்னேனோ தெரியாது, நடுவில் மந்திரம் மறந்துபோய் மறந்துபோய் மறுபடி ஆரம்பித்தேன்.

கரையில் காண்ட்ராக்டர் மோட்டார் சைக்கிளோடு முன்பே வந்து நின்றிருந்தார். படகுத்துறை கட்டப்போகிறவர் அவர்தான். எங்கள் கேங்குக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

"வாங்க சார். கிரவுண்டைப் பாருங்க. கிரிக்கெட்டே ஆடலாம்."

சார் இறங்கி நடந்தார். பெருக்கிய மண்ணில் அவருடைய ஷூ தடம் ஒவ்வொன்றாகப் பதிந்தது. ஆபீசர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட வேண்டும் என்று மேஸ்திரி சொன்னதாக வீட்டுக்காரர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நடந்துவிட்டு என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"எங்கம்மா கல்லறை?"

"இருக்குதுங்க சார். இங்கதாங்க. சிலுவைங்கள... காய வெச்சிருக்காங்க."

"காய வெச்சிருக்காங்களா?"

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். ஜீப் சத்தம் கேட்டிருக்கிறது. காலனிப் பக்கத்திலிருந்து மேஸ்திரி முன்னால், பின்னால் என் வீட்டுக்காரரும் மற்றவர்களும், ஆளுக்கொரு சிலுவையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒருவர் கையில் கடப்பாறை. பளிச்சென்று வெள்ளை வெளேரென்று சிலுவைகள். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் அவர்கள் அப்படி வந்திருந்தால் நான் முழந்தாளில் விழுந்திருப்பேன். அன்றைக்கு அவர்களைப் பார்த்ததும் எனக்கு ஐயோ என்றிருந்தது. சாருடைய கண்ணால் ஒரு நிமிஷம் நானும் பார்த்துவிட்டேன். மொட்டை மைதானம். அதில் நடுவதற்குப் புத்தம்புது சிலுவைகளோடு ஓடி வருகிற ஆட்கள்.

மூச்சு வாங்க வந்து நின்றவர்களில் ஒருவருடைய சிலுவையைச் சார் விரலால் தொட்டார். விரலில் வெள்ளை ஒட்டியது.

"பெயின்ட்டே காயலையேப்பா."

காண்ட்ராக்டர் சிரிக்க ஆரம்பித்தார். "எல்லாரும் நேத்துதான் செத்தாங்களா சார்? கேட்டுச் சொல்லுங்க, மாலை வாங்கிட்டு வர்றேன்."

மேடம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் டீ கப்புக்குக் கொண்டுபோயிருந்த துணியைச் சார் வாங்கி விரலைத் துடைத்துக்கொண்டார்.

"மேஸ்திரி, நீ சொல்லு. இது எப்ப செஞ்சது?"

மேஸ்திரி காண்ட்ராக்டரைப் பார்த்தார். காண்ட்ராக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிலுவ... நேத்து செஞ்சதுங்க சார்."

"அவ்ளோதான் சார். அவன் வாயாலயே சொல்லிட்டான்" என்றார் காண்ட்ராக்டர்.

மேஸ்திரி வாயைத் திறந்தார். தம்பியைப் பற்றிச் சொல்வார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். வீட்டில் ஆறு பேர் அவருக்கு.

"சார், பழைய சிலுவை உளுத்துப் பூட்ச்சிங்க" என்று என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "சத்தியமா என் பொண்ணு இங்கதான் இருக்குதுங்க. நான்தாங்க சார் குழி தோண்டனேன்."

"சரி, எங்கே? காட்டு."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். சட்டென்று ஒரு இடத்தில் சிலுவையை ஊன்றி, "இங்கதாங்க" என்றார்.

அது அவள் இடம் இல்லை. அவள் இன்னும் தண்ணீர்ப் பக்கம், நான் முந்தின நாள் முத்தம் கொடுத்த இடத்தில் இருந்தாள். அதே நேரத்தில் என் கையும் தானாக நீண்டு அந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் என் கையைப் பார்த்தார். நான் அவர் சிலுவையைப் பார்த்தேன். இருவருமே சரியாகத்தான் காட்டுகிறோம் என்று இருவருக்கும் உறுதியாக இருந்தது. மேடு இருந்தபோது ஒரே இடமாகத்தான் இருந்தது அது.

"அப்பன் ஒரு இடம் காட்டறான், அம்மா ஒரு இடம் காட்டறா" என்றார் காண்ட்ராக்டர். "குழந்தை நடந்து போயிருக்கும் சார்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சார் என்னைத்தான் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வருத்தமாகப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா எங்க வீட்டுக்கு வர்றே. தினமும் சாமி பேரைச் சொல்றே. செத்துப்போன குழந்தையை வெச்சு இப்படிப் பண்ணலாமாம்மா? கேட்டிருந்தா வேற எதாவது செஞ்சிருப்பேனே."

  மேடம், "சரி, டீயாவது ஊத்து, ஆறிடும்" என்றார். ஊற்றினேன். என் வீட்டுக்காரர் சிலுவையைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தார். கொஞ்சம் டீ மண்ணில் சிந்தியது. எந்த இடத்தில் சிந்தியது, யார் மேல் சிந்தியது என்று தெரியவில்லை. அதுகூடத் தெரியாமல் போய்விட்டதே என்பதுதான் அப்போது மனதில் ஓடியது.

அடுத்த வாரம் சமுதாயக் கூடத்தில் கமிட்டி கூடியது. காலனி ஆட்கள் பின்னால் நின்றோம். ஆட்சேபணை நேரில் விசாரிக்கப்பட்டது, ஆதாரம் இல்லை, படகுத்துறை குறித்த இடத்திலேயே அமையும் என்று மைக்கில் படித்தார்கள். கைதட்டினார்கள். எங்களுக்கு முன்னால் நின்றிருந்த ஒரு ஆள் திரும்பிப் பார்த்து, "என்னா, பெயின்ட்டு காஞ்சிதா?" என்றான்.

அதற்கப்புறம் அதுதான் எங்கள் பெயர். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கேட்பான். கறிக்கடையில் கேட்பார்கள். "பெயின்ட்டு காயாத பார்ட்டி வந்துட்டாங்க, நவுருங்கப்பா." ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் உபதேசியாரிடம் போய் அழுதேன். பாமாலையும் செபமும் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவர் சுற்றிலும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்களால எல்லாருக்கும் கெட்ட பேருமா. சிலுவைய நட்டு நெலம் புடிக்கிறாங்கன்னு சொல்றாங்க. கொஞ்ச நாளைக்கு முன்வரிசையில நிக்காதீங்க."

அன்றிலிருந்து நான் கடைசியில், தூணுக்குப் பின்னால் முழந்தாளிட்டேன். மாதாவிடம் சண்டையே போட்டிருக்கிறேன். உன் மகனை வைத்த கல்லறை எதுவென்று உனக்குத் தெரிந்திருந்ததே அம்மா, விடியற்காலையில் அந்தப் பெண்களால் நேராகப் போக முடிந்ததே, எனக்கு அதையாவது விட்டுவைக்கக் கூடாதா என்று கேட்டேன். தாயிடம் தாய் கேட்கலாம் என்று ஒரு உரிமை.

வேலை ஆரம்பித்தது. தூண்களுக்குக் குழி தோண்ட எங்கள் கேங்கையே இறக்கினார் காண்ட்ராக்டர். மாட்டேன் என்று சொன்னால் மறுநாளிலிருந்து எந்த வேலையும் இல்லை. என் வீட்டுக்காரரும் போனார். அளவு பிடிக்க முளைக்குச்சி வேண்டும் என்றபோது, யாரோ அந்தச் சிலுவைகளை எடுத்துக் குறுக்குக் கட்டையைத் தட்டிவிட்டு, கூராகச் சீவி அடித்தார்களாம். வெள்ளை அடித்திருப்பதால் தூரத்திலிருந்தே நன்றாகத் தெரிகிறது என்று காண்ட்ராக்டர் மெச்சிக்கொண்டாராம்.

தினமும் சாயங்காலம் வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும்போது வாசலில் நின்று முகத்தைப் பார்ப்பேன். குழியில் ஒன்றும் வரவில்லை என்று தலையை ஆட்டுவார். குளிக்கத் தண்ணீர் வைப்பேன். இப்படியே போனது. தண்ணீர்ப் பக்கத்துக் குழிகளைத் தோண்டிய அன்றைக்கு அவர் தலையை ஆட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தொட்டியடியில் உட்கார்ந்து கையைக் கழுவ ஆரம்பித்தார். சோப்பு கரைந்து வில்லையாகிற வரைக்கும் கழுவினார். நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயம். இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை.

படகுத்துறை அழகாகத்தான் வந்தது. பொய் சொல்லக் கூடாது. சிவப்பு ஓடு வேய்ந்த கூரை, வழுவழுவென்று டைல்ஸ், அன்னம் மாதிரி செய்த மிதிபடகுகள். திறப்பு விழாவுக்குப் பிறகு மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"உனக்கு ஒரு நல்ல சேதி. போட் ஹவுஸ்ல பெருக்கித் துடைக்க ஒரு பொம்பளை வேணுமாம். நான் உன் பேரைச் சொல்லியிருக்கேன். வீட்டு வேலையை விட நல்ல சம்பளம். நடந்ததையெல்லாம் மனசுல வெச்சுக்காதே."

"சரிங்க மேடம்."

"நீ சொல்றது நிஜமாவே இருந்தாலும், யோசிச்சுப் பாரு. முள்ளுக்காட்டுல கிடந்ததுக்கு இப்ப பரவாயில்லையே. பிள்ளைங்க விளையாடற சத்தம் கேட்டுட்டே இருக்கும். அவளுக்கும் பொழுது போகும்."

எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். நானும் வேலையை ஏற்றுக்கொண்டேன். சம்பளத்துக்காக என்று ஊரில் சொன்னார்கள். அந்த இடத்துக்குள் தினமும் போக எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

அப்படித்தான் நான் தினமும் காலையில் என் மகளுக்கு மேல் பெருக்கித் துடைக்க ஆரம்பித்தேன். மேஸ்திரியை அங்கே சூப்பர்வைசராகப் போட்டிருந்தார்கள். அவரும் நானும் கண்ணுக்குக் கண் பார்த்துக்கொள்வதில்லை. ஆனால் அவர் ஒரு தூணில் மட்டும் சாய்ந்து நிற்காமல் அதைச் சுற்றிப் போவதை நான் கவனித்திருக்கிறேன்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாள் வந்தது. காலையில் பூசைக்குப் போய்விட்டு வேலைக்கு வந்தேன். சாயங்காலம் கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் என் வீட்டுக்காரரும் வந்தார்.  அவர் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துப் போய், ஐஸ்கிரீம் பெட்டிக்குப் பக்கத்தில், தான் காட்டிய இடத்தில் ஏற்றினார். நான் தண்ணீர்ப் பக்கம், நான் காட்டிய இடத்தில் டைல்ஸ் மேல் ஒன்றை ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

படகிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் என் பக்கமாக வந்தது. அதில் ஒரு சின்னப் பெண். கவுன் போட்டு, தலையில் இரண்டு குடுமி. மூன்று, நாலு வயது இருக்கும். மெழுகுவர்த்தியைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே குஷி. ஓடி வந்து குனிந்து, கன்னத்தை உப்பி, ஊதி அணைத்துவிட்டுக் கைதட்டினாள்.

"யாருக்கும்மா பர்த்டே?" என்று அவள் அப்பா சிரித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

நான் தீக்குச்சியைக் கிழித்து மறுபடி ஏற்றினேன். அவள் மறுபடி ஊதினாள். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி ஏற்றினேன். குனிகிறபோது அவள் குடுமி என் முழங்கையில் உரசியது. கையை நீட்டித் தொட்டிருப்பேன், தொடவில்லை. தீப்பெட்டியில் குச்சி இருக்கிற வரைக்கும் ஏற்றினேன், அவளும் ஊதினாள். குச்சி தீர்ந்ததும், "கேக் எங்க?" என்று கேட்டாள். அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"ஏம்மா, டைல்ஸ் பூரா மெழுகாயிருக்குது பாரு" என்று மேஸ்திரி தூரத்திலிருந்தே சத்தம் போட்டார். "நாளைக்குப் பெரிய ஆபீசருங்க வர்றாங்க. சொரண்டி எடுத்துடு."

தேங்காய் ஓட்டை எடுத்து வந்து முழந்தாளிட்டுச் சுரண்டினேன். ஈரத்துணியால் துடைத்தேன். என் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பானது. நிமிர்ந்து பார்த்தால், ஐஸ்கிரீம் பெட்டிக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர் ஏற்றியது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவர் தலை குனிந்து அதன் முன்னால் நின்றிருந்தார்.

"அங்கயும் ஒண்ணு இருக்குது" என்றார் மேஸ்திரி. இந்த முறை மெதுவாகத்தான் சொன்னார்.

தேங்காய் ஓட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தேன்.